பொழுதே விடியாத டிராகுலா: ஒரு படம், இரண்டு டிஸ்க்

"மாமா, இந்தாங்க உங்க ரத்தக் காட்டேரி" என்று லண்டனிலிருந்து வந்த மச்சினன் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. 1958-இல் பிரிட்டனின் ஹாமர் கம்பெனி எடுத்த டிராகுலா. டிராகுலாவாகக் கிறிஸ்டோபர் லீ, அவனை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காகப் பீட்டர் குஷிங், இயக்கம் டெரன்ஸ் ஃபிஷர். 2013-இல் பிரிட்டனில் வெளியான பெட்டி இது, உள்ளே ஒரு ப்ளூ-ரே, இரண்டு டிவிடி. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்து, விளக்கை அணைத்து, டிஸ்க்கைப் போட்டால், இந்தப் பிளேயரில் இது ஓடாது என்று திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றுவிட்டது. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் ப்ளூ-ரேயில் பி மண்டலம், நாம் சி மண்டலம். சரி, டிவிடியையாவது போடலாம் என்றால் அதிலும் அதே கதைதான், அங்கே 2, இங்கே 5. குற்றம் என்னுடையதுதான், வாங்கச் சொல்வதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். எல்லா மண்டல டிஸ்க்கும் ஓடும் பிளேயர் ஒன்றைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது, அந்த இரண்டு மாதமும் பொறுக்க முடியாமல் 2018-இல் அமெரிக்காவில் வந்த இன்னொரு ப்ளூ-ரேயையும் வரவழைத்தேன். அதற்கு மண்டலப் பூட்டு இல்லை, என் பழைய பிளேயரிலேயே சமர்த்தாக ஓடியது. ஆக இப்போது ஒரே படம் இரண்டு டிஸ்க்காக வீட்டில் இருக்கிறது, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிரிட்டிஷ் டிஸ்க். படம் தொடங்கி இருபது நிமிடம் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தி, "ஏங்க, இந்த ஊர்ல பொழுதே விடியாதா?" என்று கேட்டாள். நான்கு பக்கம் எழுதினாலும் இந்த டிஸ்க்கின் குறையை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. படம் முழுக்க ஒரு நீலம் படர்ந்திருக்கிறது. வெளிச்சமும் குறைவு. பகல் காட்சி சாயங்காலம் போல இருக்கிறது, சாயங்காலம் நடுராத்திரி போல இருக்கிறது. வேறு எந்தப் படமாக இருந்தாலும் போகட்டும் என்று விட்டுவிடலாம். இது டிராகுலா ஐயா! சூரியன் எப்போது மறைகிறது, எப்போது உதிக்கிறது என்பதில்தான் இந்தக் கதையில் ஆளுக்கு ஆள் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். டிராகுலாவைக் கொல்ல வந்திருக்கும் ஜோனாதன் ஹார்க்கர் கோட்டையின் அடியில் உள்ள கல்லறை அறைக்குள் இறங்குகிறான். இரண்டு சவப்பெட்டிகள். ஒன்றில் ரத்தக் காட்டேரியாகிவிட்ட ஒரு பெண், இன்னொன்றில் டிராகுலா. முட்டாள், முதலில் பெண்ணின் நெஞ்சில் முளையை அடிக்கிறான். அவள் கண்ணெதிரே கிழவியாகிறாள். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் இறங்கிவிடுகிறது. திரும்பிப் பார்த்தால் இரண்டாவது பெட்டி காலி, வாசலில் ஆள் நிற்கிறார். இந்தக் காட்சியில் வசனம் கிடையாது, பயம் முழுவதும் அந்த வெளிச்சம் மங்குவதில்தான் இருக்கிறது. அமெரிக்க டிஸ்க்கில் ஜன்னல் வெளிச்சம் மங்குவது நன்றாகத் தெரிகிறது, ஹார்க்கருக்கு முன்னால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. பிரிட்டிஷ் டிஸ்க்கில் அங்கே ஏற்கெனவே இருட்டு, பிறகும் இருட்டு. வேடிக்கை என்னவென்றால் இரண்டு டிஸ்க்குக்கும் மூலம் ஒன்றேதான், பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2007-இல் செய்த சீரமைப்பு. அதற்குப் பிறகு நிறத்தைத் திருத்திய மேசையில்தான் இரண்டும் இரண்டு வழியில் பிரிந்திருக்கின்றன.

நிறத்தைப் பற்றி ஏன் இத்தனை புலம்பல் என்று கேட்பீர்கள். ஹாமர் கம்பெனியிடம் பணம் இல்லை, நிறம்தான் இருந்தது. 1931-இல் பேலா லுகோசி நடித்த அமெரிக்க டிராகுலா கறுப்பு வெள்ளை. அதில் கோரைப் பல்லும் கிடையாது, ரத்தமும் பெயருக்குத்தான். ஹாமர்காரர்கள் 1957-இல் ஃப்ராங்கன்ஸ்டைன் கதையை வண்ணத்தில் எடுத்துக் கல்லா கட்டினார்கள். அதே குழு, அதே இரண்டு நடிகர்கள், அதே ஆண்டு நவம்பரில் டிராகுலாவுக்கு இறங்கிவிட்டது. செலவு ஏறக்குறைய 81,000 பவுண்டு. ஹாலிவுட் கணக்கில் இது டீ, பன் செலவு. எடுத்த இடம் தேம்ஸ் நதிக்கரையில் வின்சருக்கும் மெய்டன்ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு பழைய பங்களா. டவுன் பிளேஸ் என்று பெயர், அதைத்தான் பிரே ஸ்டுடியோ என்று ஆக்கியிருந்தார்கள். ஸ்டுடியோ என்றால் நம் வாகினி, ஏவிஎம் மாதிரி கற்பனை செய்துகொள்ள வேண்டாம், வீட்டோடு ஒட்டிய சில தளங்கள், அவ்வளவுதான்.

அந்தச் சின்ன இடத்தை மலை உச்சிக் கோட்டையாக மாற்றியவர் பெர்னார்ட் ராபின்சன் என்கிற கலை இயக்குநர். இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இவர் மேல்தான் முதல் மரியாதை. முறுக்கிவிட்ட கரும்பு மாதிரித் தூண்கள், மாடிப்படி, தரையில் ராசிச் சக்கரம், நூலகம், அதில் நீளமான ஒரு மேசை. சிலந்தி வலை, எலும்புக்கூடு என்று வழக்கமான பேய்வீட்டுச் சாமான்களை அடைக்கவில்லை. சுத்தமாக, வசதியாக, பணக்கார வீடு மாதிரி இருக்கிறது, அதனால்தான் ஏதோ சரியில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. இந்தப் படம் முடிந்த சூட்டோடு சூடாக அதே செட்டுகளை மாற்றிப் போட்டு, சாயம் பூசி, அடுத்த ஃப்ராங்கன்ஸ்டைன் படத்தை ஆரம்பித்துவிட்டார்கள். ஹாமர் படங்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒரு விளையாட்டு, போன படத்துக் கதவு இந்தப் படத்தில் எங்கே வருகிறது என்று தேடுவது. நான் இரண்டு தூண்களை மூன்று படங்களில் பிடித்திருக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் யாரும் பாராட்டுவதில்லை.

ராபின்சன் கட்டியதற்கு வெளிச்சம் போட்டவர் ஒளிப்பதிவாளர் ஜாக் ஆஷர். விளக்குகளுக்கு முன்னால் வண்ணத் தாள் மாட்டி, ஒரு மூலைக்கு ஊதா, ஒரு தூணுக்குப் பச்சை, எங்கோ ஒரு கீற்றுச் சிவப்பு என்று ஓவியம் போல ஒளியைத் தீட்டுவார். வேலை மெதுவாக நடக்கும், அதற்காகவே பின்னாளில் கம்பெனி இவரை விட்டுவிட்டு வேகமாக எடுக்கிற ஆளிடம் போய்விட்டது. மெதுவாக வேலை செய்த மனிதர் மூலைக்கு மூலை பார்த்துப் பார்த்து வைத்த நிறங்களின் மேல் ஒரே நீலத்தை வழித்து ஊற்றியிருந்தால் கோபம் வருமா வராதா? முதல் காட்சியிலேயே வித்தியாசம் தெரியும். கல் கழுகு, அங்கிருந்து கேமரா நகர்ந்து கல்லறைக்குள் இறங்கி, சவப்பெட்டியில் டிராகுலா என்று பொறித்த பெயர்ப்பலகைக்கு வருகிறது. அதன் மேல் பளிச்சென்று ரத்தம் சொட்டுகிறது. யாருடைய ரத்தம், எங்கிருந்து சொட்டுகிறது, படம் முடியும் வரை யாரும் சொல்வதில்லை. "பார், கலரில் எடுத்திருக்கிறோம்" என்று சொல்லத்தான் அந்த ரத்தம். அமெரிக்க டிஸ்க்கில் அது குங்குமச் சிவப்பு, பிரிட்டிஷ் டிஸ்க்கில் பழைய துரு.

அதே காட்சியில் பின்னணியில் ஜேம்ஸ் பெர்னார்டின் இசை. டிரா-கு-லா என்று பெயரையே மூன்று சுரமாக வாத்தியங்களை ஓங்கிக் கத்த விட்டிருக்கிறார், படம் முடிந்து இரண்டு நாளைக்குப் பாத்திரம் கழுவும்போதுகூட அது வாயில் வரும். இவர் ஆஸ்கர் வாங்கியவர் என்றால் நம்புவீர்களா? வாங்கியது இசைக்கு இல்லை, 1950-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் படத்தின் கதைக்கு! இசையைப் பொறுத்தவரை இரண்டு டிஸ்க்குகளுக்கும் பெரிய வித்தியாசம் என் காதுக்குத் தெரியவில்லை.

நடிகர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், அதனால் கொஞ்சமாக. லீ ஆறடி ஐந்து அங்குலம். படியின் உச்சியில் கறுப்பு நிழலாக நிற்கிறார், நாம் தயாராகிறோம், அவர் விறுவிறுவென்று இறங்கி வந்து ஹார்க்கரிடம் நல்ல குடும்பத்துப் பெரிய மனிதர் போலப் பிரயாணம் எப்படி என்கிற தோரணையில் பேசுகிறார். அடுத்த தடவை பார்க்கும்போது கண் ரத்தமாகச் சிவந்து, வாயெல்லாம் ரத்தம் வழிய, மேசை மேல் தாவுகிறார். ஹார்க்கரோடு பேசிய அந்தச் சில வரிகளோடு சரி, அப்புறம் படம் முடியும் வரை அவருக்கு வசனமே இல்லை! திரையில் இருக்கும் நேரமும் மொத்தத்தில் கொஞ்சம்தான். அப்படியிருந்தும் 82 நிமிடமும் ஒவ்வொரு கதவையும் நாம் சந்தேகத்தோடு பார்க்கிறோம் என்றால் அதில் பாதிப் பெருமை திரைக்கதை எழுதிய ஜிம்மி சாங்ஸ்டருக்கு. நாவலில் இருந்த கப்பல், லண்டன், ரென்ஃபீல்டு என்கிற பாத்திரம் எல்லாவற்றையும் பட்ஜெட்டுக்காக வெட்டி எறிந்துவிட்டார். வௌவாலாக மாறுவது, ஓநாயாக மாறுவது எல்லாம் கட்டுக்கதை என்று வான் ஹெல்சிங் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார், ட்ரிக் ஷாட் செலவு மிச்சம். வெட்டியதில் கதை இறுகிவிட்டது. டிராகுலா எங்கே ஒளிந்திருக்கிறான் என்று ஊரெல்லாம் தேடுகிறார்கள், அவன் இருப்பது அவர்கள் வீட்டு நிலவறையிலேயே. வேலைக்காரப் பெண், "அம்மா அங்கே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று போகிற போக்கில் சொல்லும்போது குஷிங் முகத்தைப் பாருங்கள்.

குஷிங்! இந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தை விமர்சனம் என்று சொல்ல முடியாது. கையில் ஒரு சாமான் கொடுத்தால் போதும், அதை வைத்து நாலு வேலை செய்வார், ஸ்டுடியோவில் இவருக்கு ப்ராப்ஸ் பீட்டர் என்றே பட்டப்பெயர். கடைசிச் சண்டையில் திரைக்கதைப்படி வான் ஹெல்சிங் சட்டைப் பையிலிருந்து இன்னொரு சிலுவையை எடுக்க வேண்டும். படம் முழுக்க எடுத்தாகிவிட்டது, சிலுவை விற்கிற ஆள் மாதிரி ஆகிவிட்டேன் என்று நினைத்து, மேசை மேல் ஓடிப் பாய்ந்து ஜன்னல் திரையைக் கிழித்து இறக்குவதையும், இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்கே வைத்துச் சிலுவையாக்குவதையும் யோசனையாகச் சொன்னவர் அவர். பேய்ப்படச் சரித்திரத்திலேயே புகழ்பெற்ற இறுதிக் காட்சி ஒரு நடிகருடைய சங்கடத்தில் பிறந்திருக்கிறது. நாற்பத்து நாலு வயதில் மனிதர் அந்த மேசை மேல் ஓடும் ஓட்டத்தை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

அந்த இறுதிக் காட்சிக்காகத்தான், இத்தனை திட்டிய பிறகும், பிரிட்டிஷ் பெட்டியை விற்காமல் வைத்திருக்கிறேன். 1958-இல் பிரிட்டிஷ் தணிக்கைக் குழு இந்தப் படத்துக்கு எக்ஸ் சான்றிதழ் கொடுத்தது, அப்போது பதினாறு வயதுக்கு மேல் மட்டும். கொடுத்ததோடு நிற்காமல் கத்தரியும் போட்டது. டிராகுலா அந்த நிலவறை வீட்டு எஜமானி மீனாவின் படுக்கையறைக்குள் வரும் காட்சியிலும், கடைசியில் வெயில் பட்டு அவன் சாம்பலாகும் காட்சியிலும் துண்டுகள் போயின. ஜப்பானுக்குப் போன பிரதியில் அவை இருந்தன என்று பல வருடங்களாக ரசிகர்களிடையே ஒரு பேச்சு. பெரும்பாலும் இந்த மாதிரிப் பேச்சு புரளியாகத்தான் முடியும். இது முடியவில்லை. டோக்கியோ தேசியத் திரைப்பட மையத்தில் 1984-இல் ஒரு தீ விபத்து, அதில் இந்தப் படத்தின் ஒன்பது ரீல்களில் முதல் ஐந்தும் போய்விட்டன. மிச்சம் இருந்தவை 6 முதல் 9 வரை. தொலைந்துபோன இரண்டு காட்சிகளும் அந்த நாலு ரீலுக்குள்! பக்கத்து அலமாரியில் தீ இன்னும் கொஞ்சம் பரவியிருந்தால் கதை முடிந்தது. 2011-இல் அவற்றைக் கண்டெடுத்து, 2012-இல் ஹாமர் அந்தத் துண்டுகளைச் சேர்த்தது. அந்தப் பதிப்பு பிரிட்டிஷ் டிஸ்க்கில் இருக்கிறது, அமெரிக்க டிஸ்க்கில் இல்லை.

சேர்ந்தது சில விநாடிகள்தான். ஆனால் அந்தச் சில விநாடிகள்! மீனாவை நோக்கி லீயின் முகம் மெல்ல நெருங்குகிறது, கடிப்பதற்கு முன்னால் ஒரு காதலன் போலத் தயங்குகிறது. பழைய பதிப்பில் பேய் ஒரு பெண்ணைத் தாக்குகிறது, இதில் அவள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தவள் என்பது புரிகிறது. இதற்கு முன்னால் ஒரு காலையில் கழுத்தில் ரோமப் பட்டையை இழுத்து மூடிக்கொண்டு வீடு திரும்பும் மீனா புருஷனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள், மெலிசா ஸ்ட்ரிப்லிங் என்ற நடிகை, அந்தச் சிரிப்பின் அர்த்தம் இப்போது முழுசாகத் தெரிகிறது. தணிக்கைக்காரர்கள் பயந்தது ரத்தத்துக்கு இல்லை என்பது என் எண்ணம். அப்புறம் இறுதிக் காட்சி. டிராகுலா தன் கையாலேயே தன் முகத்தைப் பிறாண்டுகிறான், தோல் உரிந்து வருகிறது. இன்றைய கிராஃபிக்ஸ் பார்த்த கண்ணுக்கு அது ஒன்றுமில்லை, ஆனாலும் என் மனைவி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகப் பிடித்தது எது தெரியுமா? படமே இல்லை. அந்த நாலு ஜப்பானிய ரீல்களையும் துடைக்காமல், திருத்தாமல், உள்ளது உள்ளபடி கூடுதல் பகுதியாகப் போட்டிருக்கிறார்கள். கீறல், புள்ளி, குதிப்பு, ஓரத்தில் ஜப்பானிய எழுத்து, எல்லாவற்றோடும். படத்தின் கடைசிப் பகுதியை அப்படியே ஒரே மூச்சில் பார்க்கலாம். ஐம்பதுகளில் டோக்கியோவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்த யாரோ ஒருவர் பார்த்தது இதைத்தான். சீரமைத்த படத்தைவிட அந்தக் கீறல் விழுந்த ரீலில்தான் நான் நன்றாகப் பயந்தேன்.

மற்ற கூடுதல் சமாச்சாரங்களும் பிரிட்டிஷ் பெட்டியில் தாராளம். மார்கஸ் ஹேர்னும் ஜோனாதன் ரிக்பியும் படம் நெடுக உட்கார்ந்து பேசும் விளக்கவுரை அருமை, இரண்டு பேரும் விஷயம் தெரிந்தவர்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளாமல் பேசுகிறார்கள். கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் பேசும் ஒரு பகுதி, தணிக்கை பற்றித் தனியாக ஒன்று, சீரமைப்பு எப்படி நடந்தது என்று ஒன்று. தணிக்கை பற்றியதை மட்டும் தவற விடாதீர்கள், அன்றைக்குப் பதினாறு வயதுக்காரர்களையே தயங்கித் தயங்கி உள்ளே விட்ட படத்துக்கு இன்றைக்கு அதே பிரிட்டனில் 12 என்று சான்றிதழ். பழைய ஹாமர் துணுக்குகளைத் தொகுத்த ஒரு தொலைக்காட்சிப் பகுதியும் உண்டு, அதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அமெரிக்க டிஸ்க்கில் ஒரு டிரெய்லர். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

எதை வாங்குவது? முதல் தடவையாக இந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர் என்றால் யோசிக்காமல் அமெரிக்க டிஸ்க். ஃபிஷரும் ஆஷரும் ராபின்சனும் எதைச் செய்தார்கள் என்று அதில்தான் கண்ணுக்குத் தெரியும். ஏற்கெனவே படத்தைப் பத்துத் தடவை பார்த்துவிட்டு, குஷிங்குக்கும் லீக்கும் பிறந்த நாள் அடுத்தடுத்த நாள், மே 26, மே 27 என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய என் ஜாதி என்றால் பிரிட்டிஷ் பெட்டியும் வேண்டும், வேறு வழியில்லை. டிவியில் நிற அளவைக் கொஞ்சம் மாற்றி, நீலத்தைக் குறைத்து, வெளிச்சத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். சுமாராகத் தேறுகிறது, ஆனால் அதற்குப் பிறகு செய்தி போட்டால் வாசிப்பவர் மஞ்சள் காமாலை வந்தவர் மாதிரி இருக்கிறார். மாற்றிய அளவுகளை ஒரு தாளில் எழுதி டிஸ்க் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

மச்சினன் அடுத்த மாதம் மறுபடி வருகிறான். 1960-இல் வந்த டிராகுலாவின் மணப்பெண்கள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். லீ அதில் இல்லை, குஷிங் இருக்கிறார், ஃபிஷர் இருக்கிறார், ஆஷர் விளக்குப் போட்டிருக்கிறார். இந்த முறை மண்டலம் என்ன என்று அவனே கேட்டுவிட்டான்.